பழைய தோட்ட டிராக்டர்களின் மூல வர்ணத்தைக் காத்தல்

பழம்பொருளைப் பேணுவோர் இரு திறத்தினர். ஒரு திறத்தார், பொருளானது தொழிற்சாலையினின்று வெளிப்போந்த நாளில் எவ்வாறு பொலிந்ததோ அவ்வாறே மீண்டும் பொலியச் செய்தல் வேண்டும் என்பர். மற்றொரு திறத்தார், காலம் அதன்மேல் எழுதிய எழுத்தை அழித்தலாகாது என்பர். கட்டிடங்களைப் பற்றிய இவ்வாதம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஐரோப்பாவில் மூண்டது. பிரான்சு தேசத்தில் வியோலே-லெ-டுயுக் என்பார் பழங்கோட்டைகளையும் தேவாலயங்களையும் புதுக்கியமைத்தார். இங்கிலாந்தில் ஜான் ரஸ்கின் 1849-ல் வெளியிட்ட தமது நூலில் அத்தகைய புதுக்கல் அழிவேயாகும் என்று கண்டித்தார். வில்லியம் மாரிஸ் 1877-ல் பழங்கட்டிடங்களைக் காத்தற்கென்றே ஒரு சங்கம் நிறுவினார். அதே வாதம் இந்நாளில் புல்வெட்டும் சிறு டிராக்டர் வரை இறங்கி வந்துள்ளது என்றால் நகைப்பார் சிலர் உளர். நகைத்தற்கு இதில் இடமில்லை என்பதே எமது கருத்து. வழிபாட்டுக்குரிய கட்டிடத்தைக் காக்கப் பலர் முன்வருவர். உழைத்துத் தேய்ந்த ஒரு தகரவண்டியைக் காக்க முன்வருவார் சிலரே.

தோட்ட டிராக்டர் என்பது இன்னதென முதற்கண் கூறுவாம். இரண்டாம் உலகப் பெரும்போர் முடிந்தபின், அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நகரை விட்டுப் புறநகர்களிற் குடியேறினோர் தொகை பெருகிற்று. அவர்தம் வீட்டைச் சூழ்ந்த நிலம் கைக்கருவியால் திருத்துதற்குப் பெரிது. பண்ணை டிராக்டரைச் செலுத்துதற்கோ சிறிது. இவ்விடைவெளியை நிரப்ப எழுந்ததே இச்சிறு வண்டி. இண்டியானா மாகாணத்துச் சௌத் பெண்டு நகரில் ஸெஸில் பாண்டு என்பார் 1946-ல் தொடங்கிய தொழில் 'வீல் ஹார்ஸ்' என்னும் பெயரால் விளங்கிற்று. பல குதிரைகள் பூட்டிய வண்டியிற் சக்கரத்திற்கு அணித்தாய் நின்று பெரும்பாரத்தைத் தாங்கும் குதிரைக்கு அந்நாட்டார் வழங்கும் பெயர் அது. பெரும்பண்ணைக் கருவிகளுக்குப் பேர்போன இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் கம்பெனியார் 1961-ல் மஞ்சளும் வெண்மையுமாய 'கப் காடெட்' என்னும் ஏழு குதிரைச் சக்தி வண்டியைக் கென்டக்கி மாகாணத்து லூயிவில் நகரிலிருந்து வெளியிட்டனர். ஜான் டியர் கம்பெனியார் 1963-ல் விஸ்கான்சின் மாகாணத்து ஹோரிகன் என்னுமிடத்தே '110' என்னும் எண்ணுடைய வண்டியைச் செய்தனர். கோடையிற் புல் வெட்டவும், இளவேனிலில் உழவும், கூதிரில் சருகு வாரவும், பனிக்காலத்தில் வாயிலை மூடிய பனியைத் தள்ளவும் ஆண்டு முழுதும் இவை உழைத்தன. அந்நாள் வண்டிகளின் மேலுடல் தகட்டுருக்காலானது; பிற்காலத்துப் பிளாஸ்டிக் மூடி அப்பொழுது வழக்கிலில்லை. ஆகவே அவற்றின் தோற்றமனைத்தும் ஒரு தாளின் கனமும் இல்லாத வர்ணப் பூச்சையே சார்ந்திருந்தது.

இப்பூச்சிற்கு அழகல்லாத வேறு பயனும் உண்டு. அது ஒரு சாட்சி. 1969-ல் ஜான் டியர் கம்பெனியார், தமக்கே உரிய பச்சையையும் மஞ்சளையும் விடுத்து, வெண்ணிற உடலும், சிவப்பு, மஞ்சள், செம்மஞ்சள், நீலம் என்னும் நான்கனுள் ஒன்றான மூடியும் இருக்கையும் அமைந்த 'பேட்டியோ' வண்டிகளை விற்கத் தொடங்கினர். வீட்டின் நிறத்தோடு வண்டியும் இயைய வேண்டுமென்னும் அக்காலத்து மனப்பாங்கிற்கு இதனினும் சிறந்த சான்று வேறு யாது? அத்தகைய நீல மூடியின்மேல் எவரேனும் வழக்கமான பச்சையைப் பூசிவிட்டனராயின், வண்டி ஓடும், புல் வெட்டும், ஆனால் அது கூறவந்த செய்தி ஊமையாகும். நம் நாட்டிற் கல்வெட்டின்மேற் சுண்ணாம்பு அடிப்பாரை நாம் என்ன சொல்வோம்! இன்னும், இருக்கையை ஒட்டிய தகடு எவ்விடத்தே தேய்ந்தது, கால்மிதியில் எந்தப் பக்கம் இரும்பு தெரிகின்றது, பெட்ரோல் வாயைச் சுற்றி வர்ணம் எவ்வாறு கரைந்து வழிந்தது என்பவையெல்லாம், அவ்வண்டியில் அமர்ந்து உழைத்த ஒருவரின் பழக்கத்தை நமக்கு அறிவிப்பன. புதுப் பூச்சு இவற்றை ஒரே பிற்பகலில் விழுங்கிவிடும். பூசிய பின் மூலத்தை மீட்டல் மிக அரிது. மணல்வீசிக் களைந்தபின்னரோ இயலவே இயலாது.

இனி வர்ணம் கெடும் வகையை ஆராய்வோம். பூச்சானது இரண்டு பொருளாலாயது. ஒன்று நிறத்தூள், மற்றொன்று அத்தூளைத் தகட்டோடு பிணிக்கும் பிசின். இவ்வண்டிகள் செய்யப்பட்ட காலத்தே பெரிதும் வழங்கிய எனாமல், எண்ணெயோடு சேர்த்துச் சமைத்த அல்கைட் என்னும் செயற்கைப் பிசினாலாயது. சூரிய ஒளியிலுள்ள, கண்ணுக்குப் புலனாகாத அதியூதாக் கதிர்கள் இப்பிசினைச் சிறிது சிறிதாக உடைக்கின்றன. பிராணவாயுவும் ஈரமும் அதற்குத் துணைசெய்கின்றன. பிசின் அழியவே, அதனாற் பிணிக்கப்பட்டிருந்த நிறத்தூள் கட்டவிழ்ந்து மேற்பரப்பிற் சுண்ணத்தூள் போல் நிற்கின்றது. பழைய வண்டியின் மூடியைத் தடவினாற் கையில் வெளிறிய தூள் ஒட்டுவது இதனாலேயாம். செந்நிறம் இளஞ்சிவப்பாய் மங்குதற்கும் இதுவே பெருங்காரணம். இவ்வெளிறலுக்கு அடியில் நல்ல நிறம் பெரும்பாலும் எஞ்சியிருக்கும் என்பதை மாணவர் மறவாதிருத்தல் வேண்டும். வெளிறியது கண்டு வர்ணம் போயிற்று என்று முடிவு செய்து, தேய்ப்புத்தாளைக் கையிலெடுப்பவரே பலர்.

மற்றொரு பகை துரு. இரும்பும் நீரும் பிராணவாயுவும் கூடியவிடத்தே அது பிறக்கும். உப்புச் சேரின் விரையும். வட மாகாணங்களில் பனியுருகத் தெருவில் உப்புத் தூவும் வழக்கம் இருத்தலின், பனி தள்ளிய வண்டிகளின் அடிப்பாகம் பெரிதும் அரிபட்டிருக்கக் காண்கிறோம். துரு தான் தோன்றிய இரும்பைப்போல் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தைக் கொள்வது. ஆதலின் ஒரு சிறு கீறலின் வழியே நுழைந்து, பூச்சை அடியினின்று தூக்கி உடைத்து, மேலும் பரவுகின்றது. மின்கலத்தின் கந்தகத் திராவகம் ஒழுகிய இடம், ஈரப்புல் ஒட்டிக் காய்ந்த வெட்டுத்தட்டு, எலி கூடுகட்டிய எந்திரத் தகட்டறை ஆகிய இம்மூன்றும் துருவிற்குப் பிறப்பிடங்கள். இவற்றுக்கு மாறாக, எஞ்சினைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் கலந்து படிந்த கரிய அழுக்கு, காண அருவருப்பாயினும், வர்ணத்திற்குக் கவசமாய் நின்றிருக்கும். அதனைப் பொறுமையோடு களைந்தால், அடியில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முந்திய நிறம் சற்றும் மங்காது வெளிப்படுதல் உண்டு. அழுக்கினும் பெரிய பாதுகாவலன் சில வண்டிகளுக்கு வாய்க்கவில்லை.

ஒரு வண்டியின் வர்ணம் மூலமா, பின்னர்ப் பூசியதா என்று தெளிதல் முதற் கடன். இருக்கைக்கு அடியும், மூடியின் உட்புறமும், மின்கலத் தட்டின் கீழும் வெயில்படா இடங்கள். அங்குள்ள நிறத்தை வெளிநிறத்தோடு ஒப்பிடுக. இரப்பர்க் குழாயின்மேலும் மின்கம்பியின்மேலும் வர்ணத் துளி காணப்படின், பிற்காலத்தார் கைவரிசையே அது என்று ஐயுறலாம். எண் பொறித்த தகட்டை வர்ணம் மூடியிருத்தலும், ஒட்டுச்சித்திரத்தின் விளிம்பைச் சுற்றித் தூரிகை தயங்கிச் சென்ற சுவடும் அத்தகையனவே. உடைந்த ஒரு செதிளின் விளிம்பை உருப்பெருக்கியாற் பார்த்தால் அடுக்குகள் எத்தனை என்பது தெரியும்: முதற்பூச்சு, அதன்மேல் நிறம், அவ்வளவே எனில் மகிழ்க.

சுத்தம் செய்தல் எளிது போற் காணப்படினும், கேடு மிகுதியும் இங்கேதான் விளைகின்றது. பெருவிசையோடு நீரைப் பீச்சும் எந்திரத்தைக் கொண்டு ஐந்து நிமிடத்தில் வேலையை முடிக்க விரும்புவோர், தூக்கி நிற்கும் வர்ணச் செதிள்களையும், ஒட்டுச்சித்திரங்களையும், உருளைகளின் மசகையும் ஒருங்கே இழப்பர். மென்மயிர்த் தூரிகையால் உலர்ந்த புழுதியை முதலிற் போக்குக. கட்டியான மசகை மரச்செதுக்கியாற் சுரண்டுக. இரும்புக் கத்தி ஆகாது. பின்னர் வெதுவெதுப்பான நீரிற் சில துளி மென் சவர்க்காரம் கலந்து, பருத்தித் துணியைத் தோய்த்துப் பிழிந்து, ஒரு சாண் இடம் துடைத்து, அப்பொழுதே உலரத் துடைத்து, அதன்பின் அடுத்த சாணுக்குச் செல்லுக. வெயிலில் இவ்வேலை செய்யற்க. எண்ணெயழுக்கிற்கு வேறு கரைப்பான் வேண்டுமாயின், கண்படாத ஓரிடத்தில் ஒரு பஞ்சுத்துண்டாற் சோதித்தபின்னரே கொள்க. பஞ்சில் நிறம் ஏறினால் அக்கரைப்பானை விட்டொழிக. ஒட்டுச்சித்திரங்களின்மேல் எக்கரைப்பானும் கூடாது. வர்ணத்தைக் காத்தவர் பலர், சித்திரத்தை ஒரே துடைப்பில் இழந்து வருந்துவர். அச்சிட்டு விற்கும் நகல்கள் கிடைக்கின்றன என்பது உண்மையே, நகல் நகலே.

துருக்கறை வர்ணத்தின்மேல் வழிந்து நின்றவிடத்து, ஆக்ஸாலிக் அமிலத்தை நீரிற் சிறிதளவே கரைத்துப் பயன்படுத்துவர் அமெரிக்கச் சேகரிப்பாளர். அது துருவோடு கூடி, நீரிற் கரையும் பொருளாக அதனை மாற்றுகின்றது. பூச்சைப் பெரும்பாலும் தாக்குவதில்லை. ஆயினும் அது நஞ்சு. கையுறையும் கண்காப்பும் இன்றித் தொடலாகாது. முடிந்ததும் சமையல் சோடா கரைத்த நீரால் எஞ்சிய அமிலத்தை அடக்கி, நன்னீராற் கழுவி, உடனே உலர்த்தல் வேண்டும். இல்லையேல் பளபளக்கும் வெற்றிரும்பில் மறுநாளே புதுத்துரு பூக்கும். எல்லாத் துருவையும் எடுத்தே தீர வேண்டுமென்பதும் இல்லை. உறுதியாய் ஒட்டிய கருஞ்செந்துருவை மெழுகிட்டு அப்படியே நிறுத்துதல் பல சமயம் மேலானது.

வெளிறலைப் போக்குதற்கு மெருகுத் தேய்ப்பு உண்டு. இது மருந்து அன்று, அறுவை என்றே கொள்க. அது மேற்படலத்தைச் சிறிது அரைத்தெடுத்து அடுத்த படலத்தைக் காட்டுகின்றது. துணியில் ஏறும் நிறமே அதற்குச் சான்று. இவ்வண்டிகளின் மேல் கண்ணாடிப் படலம் வேறு இல்லாமையால், நாம் அரைப்பது மூல வர்ணத்தையேயாம். விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியது. அங்கே இரண்டு தேய்ப்பில் முதற்பூச்சு எட்டிப்பார்க்கும். ஆதலின் எந்திரத் தேய்ப்பானை விலக்கிக் கையாலேயே, வாழ்நாளில் ஒருமுறை, மெல்லிய தேய்ப்பைக் கொள்வது போதும். ஆண்டுதோறும் மெருகிடுவார் தம் வண்டியை ஆண்டுதோறும் மெலிவிக்கின்றார்.

இங்கு உடல்நலம் பற்றியும் கூறல் கடமை. அக்காலத்து மஞ்சளும் செம்மஞ்சளும் பெரும்பாலும் ஈயக் குரோமேட்டினால் ஆயவை. அமெரிக்காவில் வீட்டு வர்ணங்களில் ஈயம் 1978-ல் விலக்கப்பட்டது. கருவிப் பூச்சுகளுக்கோ அவ்விலக்கு முழுதும் செல்லவில்லை. ஆகவே பழைய எந்திரம் எதிலும் ஈயம் உண்டெனக் கொண்டே நடத்தல் நன்று. உலர்த் தேய்ப்புத் தூளை மூச்சில் ஏற்கலாகாது. அத்துணிகளைக் குழந்தைகள் அணுகும் இடத்தில் வைக்கலாகாது. மூல வர்ணத்தைத் தேய்க்காது விடுதற்கு இதனினும் வலிய காரணம் ஒன்று வேண்டுமோ?

சுத்தமும் மெருகும் முடிந்த பின், மேலே எதனை இடுவது என்பதில் அபிப்பிராய பேதம் பெரிது. ஒரு சாரார் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தடவுகின்றனர். மங்கிய நிறம் நனைந்த கல்லைப்போல் உடனே ஆழமுறும், துருவும் வர்ணமும் ஒரே மேனியாய் இணையும், காண்போர் வியப்பர். இவ்வியப்பிற்கு விலை உண்டு. அவ்வெண்ணெய் உலருங்காற் புழுதியைப் பற்றும். நாளடைவிற் கருத்து மஞ்சளிக்கும். முற்ற உலர்ந்து கடினமாயின், மூல வர்ணத்திற்கு ஊறின்றி அதனைப் பிரித்தல் அரிது. அதனினும் கொடியது ஒன்றுண்டு. எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் எறிந்தால், எண்ணெய் பிராணவாயுவை ஏற்கும்போது எழும் வெப்பம் உள்ளேயே அடைபட்டுத் தானே தீப்பற்றும். வண்டியைக் காக்கப் புகுந்து கொட்டகையை எரித்தவர் உண்டு. அத்துணியை வெளியில் விரித்துக் காயவிடுக. அல்லது நீர் நிறைந்த மூடியுள்ள தகரக்குவளையில் இடுக.

மற்றொரு சாரார் ஒளிபுகும் புதுப்பூச்சை மேலே தெளித்து 'அப்படியே அடைத்துவிட்டோம்' என்பர். இதனை யாம் ஒப்புவதில்லை. அடியிலுள்ள எனாமல் நொறுங்கி அசைய, மேற்பூச்சு அசையாது நிற்கும். சில ஆண்டில் மஞ்சளித்து ஏடேடாய் உரியும். உரியும்போது மூலத்தையும் உடன் கொண்டுபோம். அதனடியில் அகப்பட்ட துருவோ இடையறாது தன் தொழிலைச் செய்யும்.

மெழுகே தக்கது. தேவையெனில் நாளை அதனைக் களைந்துவிடலாம் என்பதே அதன் பெருஞ்சிறப்பு. பழம்பொருட்சாலையாரும் இதனையே முதற்கண் நோக்குவர். பிரேசில் நாட்டுப் பனையிலையினின்று கிடைக்கும் கார்நௌபா மெழுகு கடினமும் பளபளப்பும் உடையது. ஆனால் வெடிப்பிலும் செதிளின் ஓரத்திலும் வெண்மையாய்த் தங்கி முகத்தைக் கெடுக்கும். பெட்ரோலியத்தினின்று எடுக்கப்படும் நுண்பளிங்கு மெழுகு இக்குற்றம் குறைந்தது. பிரிட்டிஷ் மியூசியத்து ஆராய்ச்சிச் சாலையார் 1950-களில் இவ்வகை மெழுகால் ஆக்கியதே 'ரினெய்ஸான்ஸ்' என்னும் பெயரோடு இன்று உலகெங்கும் பழம்பொருட்சாலைகளில் வழங்குவது. சிறிது எடுத்து, மெல்லியதாய்த் தடவி, சற்றுப் பொறுத்து, மென்துணியால் துடைக்க. வெற்றிரும்பு தெரியுமிடத்தே இருமுறை இடுக. சிலிக்கோன் கலந்த மெருகுகளை வாங்கற்க. பின்னர் ஓரிடத்தில் வர்ணம் தொட நேர்ந்தால் அது ஒட்டாது விலகும்.

எல்லா வண்டியையும் இவ்வாறே நிறுத்தல் வேண்டுமோ எனின், இல்லை. தகடு துளைபட்டு, வர்ணம் பெரும்பகுதி போய், எஞ்சியதும் முன்னொருவர் தூரிகையாற் கெட்டிருப்பின், புதுக்குதலே அவ்வண்டிக்கு உயிர். அப்பொழுதும் மூடியின் உட்புறத்தில் ஒரு கையகலமேனும் மூலத்தை விட்டுவைத்தல் அறிவுடைமை. நிறத்தை ஒப்புநோக்க விழைவார்க்கு அச்சிட்ட நிற அட்டையினும் அது மெய்யானது. ஆனால் பாதியேனும் நல்ல நிறம் தாங்கும் வண்டியை, அயலார் வண்டி பளபளக்கின்றதே என்னும் ஒரே காரணத்தால் மணல்வீசிக் களைவதை யாம் வீண் என்று மட்டும் சொல்லோம், இழப்பு என்போம். அமெரிக்காவிற் பழைய மோட்டார் வண்டிக் கழகத்தார், மூல அம்சம் குன்றாத வண்டிகளுக்கென்றே தனி வகுப்பு ஒன்று வைத்து மதிக்கின்றனர். விலையிலும் இவ்வேறுபாடு தெரியத் தொடங்கியுள்ளது. சந்தையின் மதிப்பு மாறும். அதனை நம்பி யாம் இதனைக் கூறவில்லை.

உழைத்துக்கொண்டே காத்தலும் கூடும். புல் வெட்டும் தட்டுத்தான் விரைவில் அழிவது. மூலத் தட்டைக் கழற்றி உலர்ந்த பலகையில் வைத்து, வேலைக்கு வேறொரு பழந்தட்டைப் பூட்டிக்கொள்வார் பலர். பெட்ரோல் ஊற்றுங்கால் வாயைச் சுற்றித் துணியிடுக. சாராயம் கலந்த இக்காலத்துப் பெட்ரோல் சிந்திய இடத்தை உடனே துடைக்காவிடிற் கறை நிலைக்கும். வெயிலில் நாள் முழுதும் நிறுத்தற்க. கொட்டகையிலும் பலகணிக்கு நேரே நிறுத்திய வண்டியின் ஒரு பக்கம் மட்டும் மங்குவதைக் காணலாம். பிளாஸ்டிக் விரிப்பாற் போர்த்துவது தீது. இரவின் குளிரில் அதனடியில் நீர் வியர்த்துத் தகட்டில் நிற்கும். காற்றுப் புகும் பருத்தித் துணியே நன்று. பனிக்காலத்து மின்கலத்தைக் கழற்றி வேறிடத்தே வைத்து, அது இருந்த தட்டைச் சோடா நீராற் கழுவி உலர்த்துக. எஞ்சினைச் சூழ்ந்த தகட்டறையை ஆண்டிற்கொருமுறை திறந்து எலிக்கூட்டை அகற்றுக. அதன் சிறுநீர் திராவகத்திற்குச் சற்றும் இளைத்ததன்று.

தொடங்குமுன் நாற்புறமும் ஒளிப்படம் எடுத்து, எந்த நாளில் எவ்விடத்தே எம்மெழுகு இட்டோம், எக்கரைப்பானைச் சோதித்தோம் என்பதை ஒரு சிறு ஏட்டிற் குறித்து, இருக்கைக்கு அடியிலுள்ள கருவிப்பெட்டியில் அன்று, வீட்டினுள் உலர்ந்த இடத்தில் வைத்தல் வேண்டும்; பெட்டியில் வைத்த ஏட்டை எலி முதலில் வாசிக்கும்.